இரவு ஷிஃப்டும் ஆறரை மணி வெயிலும்

"ஒரு மாசம் போனா பழகிடும்பா." ராணிப்பேட்டை சிப்காட்டில் புதிதாக இரவு ஷிஃப்டுக்குப் போகும் பையனுக்கும், வேலூரில் முதல்முறை நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸுக்கும், ஆம்பூரில் டேனரி வாட்ச்மேனாகச் சேர்ந்த பெரியவருக்கும் கிடைக்கிற முதல் ஆறுதல் இதுதான். சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். பத்து வருடம் இரவு வேலை பார்த்தவரே சொல்லும்போது மறுத்துப் பேசவும் யாருக்கும் வாய் வராது. ஆனால் இந்த வாக்கியம் என்னை விடாமல் உறுத்துகிறது, ஏனென்றால் பெரும்பாலானவர்கள் விஷயத்தில் இது உண்மை இல்லை. களைப்போடு நாளை ஓட்டுவது பழகுகிறது. அரைத் தூக்கத்தில் கையெழுத்துப் போடுவது பழகுகிறது. உடம்புக்குள் நேரம் காட்டும் அமைப்பு மட்டும் அப்படியே பகல் மனிதனாகவே நிற்கிறது. நிரந்தரமாக இரவு வேலை பார்ப்பவர்களுக்கு, இரவில் சுரக்கும் ஹார்மோனான மெலடோனினை அளந்த ஆய்வுகளை 2008-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, முழுமையாக இரவுக்கு மாறியவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. ஓரளவு கணிசமாக மாறியவர்களே நாலில் ஒருவருக்கும் குறைவு.

இதில் என்னைக் கோபப்படுத்துவது வேறொன்று. பழகாதபோது பழி அந்த ஆள்மேல் விழுகிறது. "எல்லாருக்கும் பழகுது, உனக்கு மட்டும் என்ன?" என்று வீட்டில் கேட்கிறார்கள். சூப்பர்வைசரும் கேட்கிறார். தூக்கம் கெட்டவரும் தன் போனைக் குறை சொல்லிக்கொள்கிறார், மனவுறுதி போதவில்லை என்கிறார், வயதாகிவிட்டது என்கிறார். காரணம் பெரும்பாலும் இவை எதுவும் இல்லை. ஷிஃப்ட் விட்டு வெளியே வந்ததும் முகத்தில் அடிக்கிற வெயில்தான். இதைச் சரியாகச் சொல்ல, அந்தக் கடிகாரம் எதைக் கேட்கும், எதைக் கேட்காது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கடிகாரம் யார் பேச்சைக் கேட்கும்

மூளையின் அடிப்பக்கம், ஹைப்போதலாமஸில், இரண்டு கண்களின் நரம்புகளும் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குட்டி நரம்பணுக் கொத்துகள் இருக்கின்றன. சூப்ராகயாஸ்மாட்டிக் நியூக்ளியஸ் என்று பெயர். இரண்டும் சேர்ந்து சுமார் 20,000 அணுக்கள்தான். 1972-ல் அமெரிக்காவில் இரண்டு குழுவினர் தனித்தனியாக எலிகளில் இந்த இடத்தை மட்டும் அழித்துப் பார்த்தார்கள். எலிகள் உயிரோடு இருந்தன, சாப்பிட்டன, தூங்கின. ஆனால் எப்போது என்கிற ஒழுங்கு போய்விட்டது. பகலும் இரவும் பாராமல் தூக்கம் துண்டுதுண்டாகச் சிதறியது. சந்தேகம் மிச்சமிருந்தவர்களுக்கு 1990-ல் வந்த ஒரு பரிசோதனை பதில் சொன்னது. மரபணு மாற்றத்தால் 20 மணி நேரத்தையே ஒரு நாளாகக் கொண்ட வெள்ளெலி வகை ஒன்று உண்டு. அதன் கருவிலிருந்து இந்தத் திசுவை எடுத்து, தன் கொத்து அழிக்கப்பட்ட சாதாரண வெள்ளெலிக்குள் வைத்தார்கள். அதுவும் 20 மணி நேரத்துக்கு ஒரு முறை ஓட ஆரம்பித்தது. நாளின் நீளம் கொடுத்தவரோடு வந்தது, பெற்றவரோடு அல்ல. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

ஒவ்வொரு அணுவுக்குள்ளும் நடப்பது ஒரு சுற்று. கிளாக், பிமால் என்கிற இரண்டு புரதங்கள் ஜோடி சேர்ந்து பீரியட், கிரிப்டோகுரோம் மரபணுக்களை முடுக்குகின்றன. அவற்றிலிருந்து உருவாகும் புரதங்கள் மெல்லச் சேர்ந்து, உட்கருவுக்குள் திரும்பி வந்து, தம்மை உண்டாக்கிய அந்த ஜோடியையே அடக்குகின்றன. பிறகு அவை சிதைய, அடக்குமுறை தளர, மறுபடி முதலிலிருந்து. பழ ஈயில் இந்தச் சுற்றின் அடிப்படையைக் கண்டதற்காகத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-ல் நோபல் கொடுத்தார்கள். பாலூட்டிகளில் சில பாத்திரங்கள் மாறினாலும் கதை அதேதான். மனிதர்களில் இந்தச் சுற்று சராசரியாக 24.2 மணி நேரம் எடுக்கும். அதாவது வெளிச்சம் திருத்தாவிட்டால் தினமும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பின்னால் நழுவும். இந்தச் சின்ன நழுவலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஷிஃப்டை எந்தத் திசையில் சுழற்ற வேண்டும் என்பது இதில்தான் இருக்கிறது.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர் குகை வௌவால்களிடம் செய்த வேலையை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. குகையின் ஆழத்தில், வெளிச்சமே எட்டாத இடத்தில், கூண்டில் அடைத்த வௌவால்கள் கூட்டத்தின் மற்ற வௌவால்கள் சாயங்காலம் வெளியே பறந்து விடியலில் திரும்பும் நேரத்தோடு ஒத்துப்போய்த் தங்கள் நாளைச் சரியாக வைத்திருந்தன. சுற்றிலும் கூட்டம் இல்லாதபோது அவற்றின் நாள் தன்பாட்டுக்கு நழுவத் தொடங்கியது. 1981-ல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு உலக அளவில் பேசப்பட்டது. கூட்டத்தோடு இருந்தாலே கடிகாரம் ஒத்துப்போகும் என்பது மனிதனுக்கும் பொருந்தியிருந்தால், இரவு முழுக்க இருநூறு பேரோடு வேலை செய்கிறவர்களின் கடிகாரம் என்றோ திரும்பியிருக்கும். அப்படி நடக்கவில்லை. சாப்பாட்டு நேரம், பேச்சு, அலாரம், வேலை எல்லாவற்றுக்கும் கொஞ்சம் செல்வாக்கு உண்டு. ஆனால் வெளிச்சம் வந்து நின்றால் மற்றதெல்லாம் அதன் பின்னால்தான்.

வெளிச்சம் போகிற வழியும் பார்வைக்கான வழி அல்ல. விழித்திரையில் உருவம் பார்க்கும் அணுக்கள் தவிர, மெலனாப்சின் என்கிற நிறமியோடு சில நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை தாமாகவே ஒளியை உணரும் என்பது 2002-ல்தான் உறுதியானது. சுமார் 480 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது தெளிந்த வானத்தின் நீலத்தில், அவை மிகக் கூர்மையாக எதிர்வினை காட்டும். அவசரமே படாது, நிமிடக்கணக்கில் வெளிச்சத்தைக் கூட்டிக் கணக்குப் பார்க்கும். உருவம் எதுவும் தெரியாத சில பார்வையற்றவர்களுக்குக்கூட இந்த வழி வேலை செய்கிறது, அவர்கள் தூக்கம் ஒழுங்காக இருக்கிறது. கண் அமைப்பே சிதைந்து ஒளி துளியும் போகாதவர்களில் பலருக்கு மாதத்தில் சில வாரம் இரவுத் தூக்கம் வரும், சில வாரம் பகலில் தள்ளும். அதைச் சோம்பல் என்று திட்டுகிற வீடுகள் இருக்கின்றன. தயவுசெய்து திட்டாதீர்கள்.

நாலரை மணிக்கு முன்னும் பின்னும்

விஷயத்தின் மையம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் போகலாம். உடம்பின் உள்வெப்பம் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு டிகிரி செல்சியஸ் ஏறி இறங்குகிறது. இரவு பத்தரைக்குப் படுத்து காலை ஆறரைக்கு எழுகிறவருக்கு அது மிகக் கீழே போவது வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால், அதாவது நாலரை மணி வாக்கில். நைட் டியூட்டி பார்த்த எவருக்கும் இந்த நேரம் தெரியும். உடம்பு குளிரும், வயிறு ஒரு மாதிரி இருக்கும், படித்த வரியையே மறுபடி படிப்போம். வெளிச்சத்துக்குக் கடிகாரம் எந்தப் பக்கம் நகரும் என்பதையும் இந்தப் புள்ளிதான் தீர்மானிக்கிறது. இதற்கு முந்தைய சில மணி நேரத்தில் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும், மறுநாள் எல்லாம் தாமதமாகும். இதற்குப் பிந்தைய சில மணி நேரத்தில் படும் அதே வெளிச்சம் முன்னுக்கு இழுக்கும். புள்ளியை நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் விளைவு பெரிது. ஊஞ்சலில் கை வைப்பது போல: எந்தக் கணத்தில் தொடுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே தள்ளு வேகப்படுத்தும், அல்லது தடுத்து நிறுத்தும்.

இரவு பத்து முதல் காலை ஆறு வரை வேலை பார்ப்பவருக்கு அந்தப் புள்ளி நாலரையிலிருந்து காலை பத்து, பதினொன்றுக்கு நகர வேண்டும். அப்போதுதான் அது அவருடைய பகல் தூக்கத்துக்குள் விழும். நகர வேண்டிய திசை பின்னால். தொழிற்சாலையில் பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை டியூப் லைட்டின் கீழ் நிற்பது உண்மையிலேயே அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. நன்றாக விளக்கு போட்ட கூடத்தில் 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும், அது ஒன்றும் பூஜ்யம் அல்ல. ஆனால் ஆறு மணிக்கு கேட் திறக்கிறது. வெளியே சீக்கிரமே பல ஆயிரம் லக்ஸ் ஆகிவிடும், உச்சி வெயிலில் ஒரு லட்சம் வரை போகக்கூடிய அதே சூரியன், புள்ளியைக் கடந்து இரண்டே மணி நேரத்தில், மிக வலுவாக முன்னுக்கு இழுக்கும் நேரத்தில் கண்ணில் விழுகிறது. இரவு முழுக்கச் சேர்த்த தள்ளல் அந்த முக்கால் மணி நேரப் பயணத்தில் கரைந்துபோகிறது. மறுநாள் இரவும் இதேதான். ஒரு மாதம் ஆனாலும் இதேதான். கடிகாரத்தின் பக்கம் தப்பே இல்லை. விடிந்துவிட்டது என்று சூரியன் சொல்கிறது, அது நம்புகிறது.

இதற்கு எதிர்ச்சாட்சியும் உண்டு. வட கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளில் இரண்டு வாரம் தங்கி இரவு வேலை பார்ப்பவர்களில் பலர் ஒரு வாரத்துக்குள் நன்றாகவே மாறிவிடுகிறார்கள். அவர்களுக்கு காலைப் பயணம் கிடையாது. வேலை செய்யும் இடத்திலிருந்து படுக்கும் அறைக்கு உள்ளேயே நடந்து போகிறார்கள். குளிர்கால ஐரோப்பாவில் ஆறு மணிக்கு ஷிஃப்ட் விட்டால் வெளியே கும்மிருட்டு. இருட்டிலேயே வீடு போய்ச் சேர்கிற அந்தச் சலுகை நமக்கு வருடத்தில் ஒரு மாதம்கூட இல்லை. வேலூர் சுமார் 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான், சூரிய உதயம் வருடம் முழுக்க ஐந்தே முக்காலுக்கும் ஆறே முக்காலுக்கும் இடையிலேயே விழுந்துவிடும். ஆறு மணிக்கு ஷிஃப்ட் விட்டு வீடு திரும்பும் வழி என்பது இந்த ஊரில் எல்லா மாதமும் சூரியனோடு நேருக்கு நேர்தான்.

ஆகவே செய்ய வேண்டிய முதல் வேலை தூக்கத்தைப் பற்றியதே அல்ல, வீட்டுக்குத் திரும்பும் வழியைப் பற்றியது. பக்கவாட்டிலும் மறைக்கும் அடர்ந்த கறுப்புக் கண்ணாடியை கேட்டுக்கு உள்ளேயே போட்டுக்கொண்டு வெளியே வர வேண்டும், பஸ்ஸில் ஏறிய பிறகு அல்ல. கேட் எதிரே டீக்கடையில் நின்று அரட்டை அடிக்கிற இருபது நிமிடம் இரண்டு விதத்தில் கெடுக்கிறது: வெளிச்சம் ஒன்று, டீ ஒன்று. எந்தப் பக்கம் உட்கார்கிறோம் என்பதும் கணக்கில் வரும். ராணிப்பேட்டையிலிருந்து வேலூர் வருகிறவருக்கு வண்டி மேற்கே போகிறது, சூரியன் முதுகுப் பக்கம், பாதிப் பிரச்சினை இல்லை. ஆம்பூரிலிருந்து வேலூர் வருகிறவருக்கு பள்ளிகொண்டா வழி நெடுக வண்டி கிழக்கு வடகிழக்காக ஓடுகிறது. ஆனி மாதம் சூரியன் ஏறக்குறைய டிரைவர் கண்ணாடிக்கு நேரே நிற்கும், மார்கழியில் வலப்பக்க ஜன்னலில் விழும். பின் வரிசையில் இடப்பக்கம் உட்கார்வது சும்மா செய்யக்கூடிய காரியம், காசு ஆகாது.

பைக்கில் வருகிறவர்களிடம் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். உள்வெப்பம் கீழே கிடக்கிற நேரமும் இரவு முழுக்கச் சேர்ந்த தூக்கக் கடனும் ஒன்றாகச் சேர்கிற நேரம் அது, வெளிச்சம் கொடுக்கிற கொஞ்ச விழிப்பையும் கண்ணாடி எடுத்துவிடும். சென்னை, பெங்களூர் நெடுஞ்சாலையில் அந்த நேரத்தில் எதிரிலும் பின்னாலும் வருகிற லாரி டிரைவர்களும் அதே நிலையில்தான் இருக்கிறார்கள். கம்பெனி பஸ் இருந்தால் பஸ். இல்லையென்றால் கிளம்பும் முன் உள்ளேயே இருபது நிமிடம் கண்மூடி, எழுந்து பத்து நிமிடம் கழித்து வண்டியை எடுங்கள். எழுந்த உடனே வண்டியைத் தொடக் கூடாது, அந்த முதல் சில நிமிடம் மூளை முழுதாக விழித்திருக்காது.

பன்னிரண்டு மணிக்கு முறியும் தூக்கம்

காலை எட்டுக்குப் படுத்தவர் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு எழுந்து, பிறகு எவ்வளவு புரண்டாலும் தூக்கம் வருவதில்லை. குக்கர் விசில், பக்கத்து வீட்டு ஸ்பீக்கர், தெருவில் காய்கறிக்காரர் என்று சத்தத்தைக் குறை சொல்கிறோம். சத்தமும் காரணம்தான். ஆனால் நிசப்தமான அறையில் படுக்க வைத்தாலும் பகல் தூக்கம் ஒன்று முதல் நாலு மணி நேரம் குறைகிறது. தூக்கம் வருவதற்கு உள்வெப்பம் இறங்க வேண்டும். கை, கால் தோலில் ரத்தக் குழாய்கள் விரிந்து வெப்பத்தை வெளியே விட வேண்டும். திரும்பாத கடிகாரமோ காலை எட்டு மணிக்கு வெப்பத்தை ஏற்றிக்கொண்டிருக்கிறது. விழிப்புக்கு உடம்பைத் தயார்படுத்தும் ஹார்மோனான கார்டிசால் உச்சத்தைத் தொட்டு நிற்கிறது, மெலடோனின் வடிந்துவிட்டது. தூக்கக் கடன் அழுத்துகிற வரை நாலு மணி நேரம் தூங்கலாம். கடன் பாதி தீர்ந்ததும் கடிகாரம் எழுப்பிவிடும்.

மெலடோனின் வரும் வழி சுற்றுவழி. ஹைப்போதலாமஸிலிருந்து கட்டளை தண்டுவடம் வழியாக நெஞ்சுப் பகுதி வரை இறங்கி, கழுத்திலுள்ள நரம்பு முடிச்சு வழியாக மறுபடி ஏறித் தலைக்குள் பினியல் சுரப்பிக்குப் போகிறது. கழுத்துத் தண்டுவடம் முற்றிலும் அறுபட்டவர்களுக்கு மெலடோனின் ஏற்ற இறக்கமே இல்லாமல் போவது இதனால்தான், தூக்கத்தைப் பற்றி அவர்கள் படும் அவதிக்கு இதுவும் ஒரு காரணம். குளிர் நாட்டுச் செம்மறிகள் மெலடோனின் சுரக்கும் இரவு எவ்வளவு நீளம் என்பதை வைத்தே பருவம் அறிந்து, இரவு நீளும்போது இணை சேர்கின்றன. நம் ஊர் ஆடுகள் பெரும்பாலும் வருடம் முழுக்கச் சினை பிடிக்கின்றன, இங்கே தீவனமும் மழையும்தான் அவற்றுக்குப் பெரிய கணக்கு.

வேலூர் வெயிலைச் சேர்த்தால் பகல் தூக்கத்தின் கஷ்டம் இரட்டிப்பாகிறது. தோலின் வெப்பம் சுமார் 34, 35 டிகிரி. சித்திரை, வைகாசியில் மதியம் அறைக் காற்று அதைத் தாண்டினால், ஃபேன் வீசுவது உடம்புக்குள் வெப்பத்தை ஏற்றவே செய்யும், தோல் ஈரமாக இருந்தால் ஒழிய. ஆகவே நனைத்துப் பிழிந்த மெல்லிய துண்டைக் கால் பாதத்திலும் முழங்கைக்குக் கீழேயும் போட்டு அதன்மேல் ஃபேன் காற்று படவைப்பது பாட்டி வைத்தியம் அல்ல, தூக்கம் தொடங்குகிற அதே வழிக்கு உதவி செய்வது. இங்கே கோடைக் காற்று கடற்கரை ஊர்களைவிட வறண்டது, ஈரம் நன்றாக ஆவியாகும். நனைத்த வெட்டிவேர் தட்டியும் இதே காரணத்தால் சென்னையைவிட இங்கே நன்றாக வேலை செய்யும். சன்னலை ஒன்பது மணிக்கே சாத்திவிட வேண்டும், உள்ளே இருப்பதைவிட வெளியே சூடு கூடும்போது திறந்து வைப்பதில் லாபம் இல்லை.

எந்த அறை என்பது முக்கியம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வெளியே வாங்கிய சூட்டை உள்ளே விடச் சில மணி நேரம் எடுத்துக்கொள்ளும். காங்கிரீட் தளமும் அப்படித்தான், அது சாயங்காலமும் முன்னிரவிலும்தான் கொதிக்கும். இரவு தூங்குகிறவருக்கு அது தொல்லை. பகலில் தூங்குகிறவருக்கு உண்மையில் சாதகம், இரண்டு மணிக்குள் எழுந்துவிடுகிறார். தகர ஷீட்டும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் நேர்மாறு. அவற்றுக்குத் தாமதமே கிடையாது, பத்து மணிக்கே அறை அடுப்பாகிவிடும். ஷீட் வீட்டில் இருக்கிற இரவு வேலைக்காரர் எவ்வளவு ஒழுக்கமாக இருந்தாலும் ஏப்ரலில் ஏழு மணி நேரம் தூங்க முடியாது. ஷீட்டின்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது, ஓலை வேய்வது, உள்ளே ஒரு அடி இடைவெளி விட்டு ஃபால்ஸ் சீலிங் போடுவது, இவற்றில் முடிந்ததைச் செய்யுங்கள். கீழ்த்தளத்தில் வடக்குப் பார்த்த அறை இருந்தால் அதை டி.வி. அறையாக வைத்துக்கொண்டிருப்பது அநியாயம், இரவு ஷிஃப்ட் போகிறவருக்குக் கொடுங்கள். இருட்டுக்கு, சன்னல் கண்ணாடியில் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டினால் போதும், வெளிச்சத்தையும் கொஞ்சம் சூட்டையும் சேர்த்துத் தடுக்கும். மூடிய இமை வழியாகவும் வெளிச்சம் போகும், அதனால் கண்ணுக்குத் துணி கட்டிக்கொள்வதும் நல்லது.

ஒரு மணிக்குப் பிரியாணி

மூளையில் இருப்பது தலைமைக் கடிகாரம்தான். கல்லீரல், கணையம், தசை, கொழுப்பு என்று ஏறக்குறைய எல்லா அணுக்களிலும் அதே சுற்று ஓடுகிறது. அவற்றில் பலவும் வெளிச்சத்தைவிடச் சாப்பாட்டைக் கேட்கின்றன. இரவில் நடமாடும் சுண்டெலிகளுக்குப் பகலில் மட்டும் தீனி வைத்தால், சில நாட்களில் கல்லீரல் கடிகாரம் தலைகீழாகத் திரும்பிவிடும். மூளையிலுள்ளது அசையாது. 2000-ல் வந்த இந்த முடிவைத் தெரிந்துகொண்டால் இரவு ஒரு மணிக்கு கேன்டீனில் வயிறு முட்டச் சாப்பிடுவதன் விலை புரியும். மூளை இரவு என்கிறது, கல்லீரல் மதியம் என்கிறது. கணையத்திலும் மெலடோனினுக்கு ஏற்பிகள் உண்டு, அது இரத்தத்தில் நிறைந்திருக்கும் நேரத்தில் இன்சுலின் தாராளமாக வராது. அதே தட்டுச் சோறு ராத்திரி ஒரு மணிக்குச் சர்க்கரையை அதிகம் ஏற்றும். 2021-ல் வெளியான ஒரு சோதனையில் 19 பேரை ஆய்வகத்தில் இரவு வேலை போன்ற நேரத்தில் வைத்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை கூடியது, பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை.

அதனால் ஆம்பூர் பிரியாணியை விட்டுவிடச் சொல்லவில்லை, எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிட்டு ஷிஃப்டுக்குப் போகச் சொல்கிறேன். நள்ளிரவிலிருந்து ஐந்து மணி வரை தண்ணீர், மோர், பசித்தால் ஒரு கைப்பிடி வேர்க்கடலை அல்லது சுண்டல். வீட்டுக்கு வந்ததும் இரண்டு இட்லி. பசியோடு படுத்தால் பதினொரு மணிக்கு வயிறே எழுப்பிவிடும். டீ, காப்பி எல்லாம் ஷிஃப்டின் முதல் பாதியில். காஃபீன் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும், ஆகவே இரண்டு மணிக்கு மேல் குடித்தது எட்டு மணிப் படுக்கையில் கூடவே படுக்கும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு இது ஏறக்குறைய இரட்டிப்பு நேரம் நிற்கும். அவர்கள் பன்னிரண்டுக்கே நிறுத்திவிடலாம்.

மாற்றுவதா, மாற்றாமல் விடுவதா

இந்தக் கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்ளாமல் செய்கிற எல்லா முயற்சியும் வீண் என்பது என் உறுதியான எண்ணம். நிரந்தர இரவு ஷிஃப்ட் என்றால் கடிகாரத்தைப் பாதி வழி மாற்றுவது நல்லது. முழுதும் அல்ல, பாதி. பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை இருக்கிறதிலேயே பிரகாசமான இடத்தில் நிற்பது, நாலுக்கு மேல் வெளிச்சத்தைக் குறைப்பது, திரும்பும் வழியில் கண்ணாடி, எட்டிலிருந்து இரண்டரை வரை இருட்டில் தூக்கம். விடுமுறை நாளில் இரவு பத்து மணிக்குப் படுத்துவிடக் கூடாது, அங்கேதான் பலரும் எல்லாவற்றையும் கலைத்துக்கொள்கிறார்கள். அதிகாலை மூன்று மணிக்குப் படுத்துப் பதினொன்றரை, பன்னிரண்டுக்கு எழுந்தால் உள்வெப்பம் கீழே போகும் அந்தப் புள்ளி காலை பத்து வாக்கில் நிலைத்து நிற்கும். வேலை நாளுக்கும் பொருந்தும், மதியச் சாப்பாட்டுக்குக் குடும்பத்தோடும் உட்காரலாம்.

வாரம் ஒரு ஷிஃப்ட் மாறுகிறவர் இதை முயலவே வேண்டாம். கடிகாரம் நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம் நகர்ந்தால் அதிகம், எட்டு மணி நேரம் நகர்வதற்குள் வாரம் முடிந்துவிடும். அவர் பகல் மனிதனாகவே இருந்துகொண்டு சேதத்தைக் குறைக்க வேண்டும்: ஷிஃப்டுக்கு முன் மாலை ஏழு வாக்கில் ஒன்றரை மணி நேரத் தூக்கம், இடைவேளையில் இருபது நிமிடம், காலையில் வந்ததும் கிடைக்கிற நாலைந்து மணி நேரம், அவ்வளவுதான். இங்கே முடிவு உண்மையில் கம்பெனி கையில் இருக்கிறது. காலை, மாலை, இரவு என்ற வரிசையில் சுழற்றினால் ஒவ்வொரு மாற்றமும் தாமதமாவதுதான், 24.2 மணி நேரக் கடிகாரத்துக்கு அது இயல்பான திசை. இரவு, மாலை, காலை என்று சுழற்றுவது ஒவ்வொரு வாரமும் அதை எதிர்த்திசையில் இழுப்பது. ஷிஃப்ட் சார்ட் போடுகிற சூப்பர்வைசர் ஒரு காகிதத்தில் வரிசையைத் திருப்பி எழுதினால் போதும். முடிந்தால் ஒரு வாரம் இரவு என்பதை இரண்டு, மூன்று இரவாகக் குறைக்கலாம். இரவு ஷிஃப்ட் வேலையைப் புற்றுநோய்க்கு வாய்ப்புள்ள காரணங்களில் ஒன்றாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-ல் வகைப்படுத்தி, 2019-லும் அதை உறுதி செய்தது. தொழிலாளி தனியாகச் சமாளித்துக்கொள்ள வேண்டிய விஷயமாக இதை விடுவது நியாயம் இல்லை.

மெலடோனின் மாத்திரை வாங்கிப் போடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். அது தூக்க மாத்திரை அல்ல, நேரம் சொல்கிற மாத்திரை. கிளம்புவதற்கு முன் தொழிற்சாலையிலேயே போட்டுக்கொண்டு பைக் ஓட்டுவது ஆபத்து. வீட்டுக்கு வந்து, படுக்கப் போகும்போது, டாக்டர் சொன்ன அளவில்தான். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு இரவு விழிப்பே வலிப்பைத் தூண்டும், இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஊசி நேரமும் சாப்பாட்டு நேரமும் குழம்பும். இந்த இரண்டு பேரும் இரவு ஷிஃப்டுக்கு ஒப்புக்கொள்ளும் முன் டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது "நான் நைட் ஷிஃப்ட்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு ஷிஃப்ட் முடிந்து நேராக லேபுக்குப் போகிறவர்கள் உண்டு. இரவு ஒரு மணிக்குச் சாப்பிட்டிருந்தால் ஏழு மணி ரத்தம் வெறும் வயிற்று ரத்தம் ஆகாது, எட்டு மணி நேரம் ஆகவில்லை. காலை எட்டு மணிக் கார்டிசால் அளவின் சரி, தவறு எல்லாம் இரவு தூங்கி எழுந்தவரை வைத்துப் போட்டவை. இரத்த அழுத்தம் தூக்கத்தில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை இறங்க வேண்டும், விழித்தே கழித்த இரவுக்குப் பிறகு எடுத்த ஒற்றை அளவை வைத்து மாத்திரையைக் கூட்டுவது சரியல்ல. லீவு நாள் இரண்டு கழித்து, இரவு தூங்கி எழுந்த காலையில் இந்தப் பரிசோதனைகளை வைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் ஷிஃப்ட் நேரத்தையும் கடைசியாகச் சாப்பிட்ட மணியையும் எழுதச் சொல்லுங்கள்.